இஎம்டிஆர்: கண்ணை அசைத்தால் அதிர்ச்சி நினைவு எப்படி அடங்கும்? செஷனில் உண்மையில் என்ன நடக்கிறது?

தும்பி:
வணக்கம். விபத்து, தாக்குதல் போன்ற சம்பவங்களுக்குப் பிறகு பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநலக் கோளாறு) என்று உறுதியானவர்களுக்கு இஎம்டிஆர் எடுக்கச் சொல்கிறார்கள். அதிர்ச்சி நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை அசைக்கும் மனநலச் சிகிச்சையாம். தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் "ரெண்டே செஷன், ஆளே மாறிடுவாங்க" என்கிறார்கள். இன்னொரு பக்கம் "விரலை ஆட்டிக் காசு பிடுங்கும் வேலை" என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். உள்ளே போனதும் என்ன செய்வார்கள்? நடந்ததை முழுக்கச் சொல்லியே ஆக வேண்டுமா? கண் அசைவுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறதா? எத்தனை செஷன் ஆகும்? உதாரணத்துக்கு ஒரு சாலை விபத்தையே வைத்துச் சொன்னால் புரிந்துகொள்ள வசதியாக இருக்கும்.

வெள்ளெருக்கு:
முதல் நாளே, உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்தில் விரலை ஆட்ட ஆரம்பிக்கிற தெரபிஸ்டிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம். இஎம்டிஆரில் 8 கட்டங்கள். நீங்கள் வீடியோவில் பார்க்கிற அந்த விரலசைவு 4-வது கட்டத்தில்தான் முழுவீச்சில் வருகிறது. அதற்கு முந்தைய மூன்றில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் இடிக்கும்.

முதல் கட்டம் விவரம் கேட்பது. எந்த நினைவுகளை எடுப்பது என்று பட்டியல் போடுவார்கள்: முதன்முதலில் நடந்தது, மிக மோசமானது, சமீபத்தில் தொந்தரவு தந்தது. கூடவே வலிப்பு, கண் நோய், சாப்பிடும் மருந்துகள், குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம் பற்றியெல்லாம் கேட்க வேண்டும். டிஸோசியேஷன், அதாவது திடீரென்று நம்மை விட்டே நாம் விலகிப் போனதுபோல ஆவது, இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். அதற்கு 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. அதில் சராசரி 30-ஐத் தாண்டினால் மேற்கொண்டு ஆராயாமல் நினைவைத் தொடக்கூடாது. வழக்கு நடந்துகொண்டிருந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு காட்சியின் துல்லியம் மங்கலாம் என்பதால் வக்கீலிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது, தயாரிப்பு. நிறுத்தச் சொல்லும் சைகையை இங்கேதான் முடிவு செய்வார்கள். வாயால் "நிறுத்துங்க" என்பது போதாது, கையை உயர்த்துவதுதான் சரி. ஏனென்றால் பதற்றத்தின் நடுவே "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்பது பழைய சம்பவத்தில் கத்தியதாகவும் இருக்கலாம். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல், தோளுக்குத் தோள் கொஞ்சம் விலகி, எதிரெதிர்த் திசையில் போடுவார்கள். விரல் முகத்திலிருந்து 30 முதல் 35 சென்டிமீட்டரில் இருக்கும். தூரமும் வேகமும் உறுத்தவில்லையா என்று முதலிலேயே சோதித்துக்கொள்வார்கள். பிறகு மனசுக்கு அமைதி தரும் ஓர் இடத்தைக் கற்பனையில் நிறுத்தி, மெதுவாக நாலைந்து அசைவு மட்டும் கொடுத்துப் பார்ப்பார்கள். இந்தச் சின்னப் பயிற்சியை லேசாக நினைக்காதீர்கள். அமைதியான இடத்தை நினைத்த சில நொடிகளில் அதற்குள்ளேயே பயம் புகுந்துவிட்டால், தயாரிப்பு இன்னும் பல வாரம் வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

மூன்றாவது, இலக்கை அளந்து வைப்பது. நீங்கள் கேட்ட விபத்தையே எடுத்துக்கொள்வோம்.

படம்: எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்.
அந்தப் படத்தோடு தன்னைப் பற்றி ஒட்டிக்கொண்ட எண்ணம்: "நான் சாகப்போறேன்."
அதற்குப் பதில் நம்ப விரும்புவது: "அது முடிஞ்சுபோச்சு, நான் இப்ப பத்திரமா இருக்கேன்." இதை மனசு எவ்வளவு நம்புகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் (விஓசி). தொடக்கத்தில் 2 என்பார்கள்.
உணர்ச்சி: பயம். தொந்தரவு 0 முதல் 10 வரை எவ்வளவு (எஸ்யூடி)? 8.
உடம்பில் எங்கே? நெஞ்சு, முன்கை.

எண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதிதாகப் பயின்றவர்கள் தடுமாறுகிறார்கள். "லாரிக்காரன் பார்க்கவே இல்லை" என்பது தகவல். "எனக்குப் பயமா இருந்துச்சு" என்பது உணர்ச்சி. இரண்டும் உதவாது. இன்றைக்கும் தன்னைப் பற்றி உள்ளே ஓடுகிற, பகுத்தறிவுக்குப் பொருந்தாத வாக்கியம் வேண்டும். எதிர்ப்பக்க வாக்கியமும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "இனிமேல் எனக்கு எதுவும் ஆகாது" என்று வைத்தால் விஓசி 7-க்கு ஒருபோதும் ஏறாது, ஏனென்றால் அது பொய்.

இப்போது 4-வது கட்டம். படம், எண்ணம், உடம்பின் இறுக்கம் மூன்றையும் சேர்த்து நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு விரலை இடம் வலமாக அசைப்பார்கள். போய் வருவது ஒரு தடவை என்றால் ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 24 தடவை, நொடிக்கு ஒன்று என்ற வேகம். தலை அசையாது, கண் மட்டும் பின்தொடரும். செட் முடிந்ததும் பேச்சு இவ்வளவுதான்:

"விட்டுடுங்க. மூச்சை இழுத்து விடுங்க. இப்ப என்ன வருது?"
"ஹாரன் சத்தம்... ரொம்பப் பெருசா."
"அதோடயே போங்க." (அடுத்த செட்)
"கை வலிக்குது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தேன்."
"அதைக் கவனிங்க." (அடுத்த செட்)
"யாரோ கதவைத் திறந்தாங்க. அந்த முகம் இத்தனை நாள் ஞாபகத்துலயே இல்ல."
"அதோடயே போங்க."

தெரபிஸ்ட் விளக்கம் சொல்ல மாட்டார், ஆறுதல் சொல்ல மாட்டார், "ஏன் அப்படித் தோணுது" என்றும் கேட்க மாட்டார். ஓடுகிற ரயிலின் ஜன்னலில் காட்சிகள் கடந்து போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று முன்பே சொல்லியிருப்பார். புதிதாக எதுவும் வராமல், வருவதும் அமைதியாகவே இருந்தால் மறுபடி ஹெட்லைட் படத்துக்குத் திரும்பி எஸ்யூடி கேட்பார். 0 வரும்வரை இதேதான். நடந்ததை வரி வரியாக ஒப்பிக்க வேண்டியதில்லை. "ஏதோ மாறுச்சு" என்று மட்டும் சொன்னாலும் வேலை நடக்கும். வெட்கமும் குற்றவுணர்வும் கலந்த சம்பவங்களில் இது பெரிய வசதி.

மீதிக் கட்டங்கள் சுருக்கமாக: நல்ல வாக்கியத்தைப் படத்தோடு இணைத்து விஓசி 7 வரை கொண்டுபோவது 5. உச்சி முதல் பாதம் வரை எங்கேயாவது இறுக்கம் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது 6. முடித்து வைப்பது 7. அடுத்த தடவை வந்ததும் மறு அளவீடு 8.

ஒரு செஷன் 60 முதல் 90 நிமிடம். கடைசி 10–15 நிமிடத்தை முடித்து வைப்பதற்கென்று ஒதுக்காத தெரபிஸ்ட், ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறார் என்று அர்த்தம். எஸ்யூடி இறங்காமலே நேரம் தீர்ந்தால் அது குறை இல்லை. ஆனால் அப்போது 5-வது கட்டத்துக்குத் தாவாமல் அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போய் நிலைப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும்.

ஆழி:
ஆதாரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சண்டையே. "இஎம்டிஆர் வேலை செய்கிறதா?" ஒரு கேள்வி. "அதில் கண் அசைவுக்குத் தனிப் பங்கு உண்டா?" இன்னொரு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில் தெளிவு. 2013-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் பிடிஎஸ்டி-க்கு இதையும் அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடி-யையும் (காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2018-ல், போர்க்களம் அல்லாத சம்பவத்தால் பாதிக்கப்பட்டு 3 மாதத்துக்கு மேல் ஆன பெரியவர்களுக்கு இதைத் தரச் சொல்கிறது. பொதுவாக 8 முதல் 12 செஷன், பல அதிர்ச்சிகள் இருந்தால் கூடுதல். அமெரிக்க உளவியல் சங்கம் 2017-ல் நிபந்தனையோடு கூடிய பரிந்துரை என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. சிபிடி-யோடு நேருக்கு நேர் வைத்தால் ஏறத்தாழ சமம்.

"ரெண்டே செஷன்" பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், இஎம்டிஆரை உருவாக்கிய ஃபிரான்சின் ஷாபிரோ 1987-ல் பூங்காவில் நடக்கும்போது தன் கண்கள் அசைய, தொந்தரவு தரும் எண்ணங்களின் கூர்மை குறைவதைக் கவனித்தார். 1989-ல் 22 பேரை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார், ஒரே செஷனில் பெரிய பலன் என்று. அந்த ஆரம்ப உற்சாகம் இன்னும் விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. முறை இன்றிருக்கும் விரிவான வடிவத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்வி சுவாரசியமானது. டேவிட்சன், பார்க்கர் இருவரும் 2001-ல் செய்த தொகுப்பாய்வு, கண் அசைவை எடுத்துவிட்டாலும் பலன் அப்படியே இருக்கிறது என்றது. லீ, கைபர்ஸ் இருவரும் 2013-ல் செய்ததோ கண் அசைவுக்குக் கூடுதல் பலன் உண்டு என்றது. ஏன் என்பதற்கு இப்போது வலுவாக நிற்கும் விளக்கம் செயல் நினைவு பற்றியது. மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடியதற்கு எல்லை உண்டு. கொடிய காட்சியை நினைத்துக்கொண்டே கண்ணையும் ஓட்டினால் இரண்டும் அந்தச் சின்ன இடத்துக்குப் போட்டியிடும். காட்சி மங்கும், அதோடு வரும் உணர்ச்சியும் தணியும். அப்படி மங்கின நிலையிலேயே நினைவு திரும்பச் சேமிக்கப்படுகிறது என்பது கணிப்பு.

"இடது மூளையும் வலது மூளையும் பேசிக்கொள்கின்றன" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் கண்ணை மேலும் கீழும் அசைத்தாலும் இதே விளைவு வருகிறது. மனசை வேலை வாங்கும் வேறு பணிகளும் இதைச் செய்கின்றன. காதில் மாறி மாறி ஒலிக்கும் பீப் சத்தம் மட்டும் கொஞ்சம் பலவீனம், ஏனென்றால் அது மனசிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. விரலைப் பின்தொடர்வது பழகிப்போய்த் தூக்கத்திலும் செய்யலாம் என்றாகிவிட்டால் சுமை போதவில்லை. வேகத்தைக் கூட்ட வேண்டும், திசையை மாற்ற வேண்டும். மாறாக, விரலைத் துரத்துவதிலேயே கவனம் முழுக்கப் போய் நினைவே வரவில்லை என்றால் சுமை அதிகம். இரண்டையும் ஒருசேரப் பிடித்திருக்க முடிகிற அளவுதான் சரியான வேகம். அதை வெளியிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது, உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

தும்பி:
இருவருக்கும் நன்றி, இவ்வளவு தெளிவாக எங்கும் படிக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். எஸ்யூடி 8-லிருந்து 4-க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டால் என்ன செய்வார்கள்? செஷனுக்குப் பிறகு கெட்ட கனவு அதிகமானால் சிகிச்சை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா?

மிளகுப்பொடி:
கனவுக்கு நான் சொல்றேன், மத்ததுக்கு வெள்ளெருக்கு வரட்டும்.

ரெண்டு மூணு நாள் கனவு, பழைய துண்டு ஞாபகங்கள், அழுகை, அசதி எல்லாம் வரும். சகஜம். ஒரு சின்ன நோட்டில் நாலு விஷயம் மட்டும் எழுதுங்க: எது தூண்டிச்சு, என்ன தெரிஞ்சுச்சு, என்ன உணர்ச்சி, உடம்புல எங்க. ஒவ்வொண்ணும் ஒரு வரி போதும், பக்கம் பக்கமா வேண்டாம். அடுத்த செஷன்ல 8-வது கட்டம் இதை வெச்சுதான் தொடங்கும். ஆனா ஒரு வாரம் ஆகியும் தூக்கமே இல்ல, உயிரை விட்டுடலாம்னு தோணுது, நேரம் போனதே தெரியாம விட்டுப்போகுதுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க.

மத்தபடி யாரும் முன்கூட்டி சொல்லாத சில்லறை விஷயங்கள்:
- கான்டாக்ட் லென்ஸைக் கழட்டிட்டுப் போங்க. கண் காய்ஞ்சு உறுத்தும், கவனம் அங்கயே போயிடும்.
- விழித்திரைப் பிரச்சினை, சமீபத்துல கண் ஆபரேஷன், கண் வலின்னா கண் அசைவே வேண்டாம். கையில பிடிக்கிற, மாறி மாறி அதிர்ற கருவியோ, முழங்கால்ல தட்டறதோ பண்ணலாம். ஒற்றைத் தலைவலிக்காரங்களுக்கும் வலிப்பு உள்ளவங்களுக்கும் லைட் பார் (விரலுக்குப் பதிலா வெளிச்சம் இடம் வலமா ஓடற கருவி) வெக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.
- பென்ஸோ வகைத் தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை சாப்பிட்டா உணர்ச்சி சரியா மேல வராது, முன்னேற்றம் மந்தமாகலாம். அதுக்காகத் தானா நிறுத்திடாதீங்க! திடீர்னு நிறுத்துறது ஆபத்து. மருந்து எழுதினவர்கிட்ட பேசுங்க.
- செஷன் முடிஞ்ச உடனே வண்டி ஓட்டாதீங்க. அதுவும் விபத்து நினைவை எடுத்த அன்னைக்கு. அன்னைக்குச் சாயந்திரம் முக்கியமான வேலை எதுவும் வெச்சுக்காதீங்க.

வெள்ளெருக்கு:
4-ல் நிற்பது மிகச் சாதாரணம். நின்றுவிட்டது என்று எப்போது சொல்வோம்? இரண்டு செட் அடுத்தடுத்து அதே படம், அதே உணர்ச்சி, அதே இடத்தில் அதே இறுக்கம் வந்தால்.

முதலில் எளிய மாற்றங்கள்: குறுக்குவாட்டில் அசைப்பது, வேகத்தைக் கூட்டுவது, செட்டை நீட்டுவது, அல்லது படத்தை விட்டுவிட்டு நெஞ்சின் இறுக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்வது. பல நேரம் இதுவே போதும். தொண்டை அடைக்கிறது என்றால் சொல்லாமல் விழுங்கிய சொல் ஏதோ இருக்கும். அதைச் சத்தமாகவோ மனதுக்குள்ளோ சொல்லச் சொல்வார்கள்.

அசையவில்லையா? அப்படியென்றால் அடியில் வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு வகை.

ஒன்று, இந்த நினைவுக்குத் தீனி போடும் பழைய நினைவு, ஃபீடர் மெமரி. விபத்தில் "நான் சாகப்போறேன்" கரைந்துவிட்டது, ஆனால் "என்னால எதுவும் செய்ய முடியல" மட்டும் போகவில்லை என்றால், "இதே எண்ணம், உடம்பில் இதே உணர்வு, வாழ்க்கையில் முதன்முதலாக எப்போது?" என்று கேட்டு மனசைப் பின்னோக்கி மிதக்க விடுவார்கள். சிறு வயதில் கைகால் நகர்த்த முடியாமல் மாட்டிக்கொண்ட ஏதோ ஒன்று வரலாம். அதை முதலில் எடுத்தால் 4 தானாக இறங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: பின்னோக்கிப் போகச் சொல்வது, ஏற்கெனவே தெரிந்த நினைவுகளுக்கிடையே தொடர்பு தேட மட்டும். "உங்களுக்குச் சின்ன வயசுல ஏதோ நடந்திருக்கணும், கண்ணை அசைச்சா வெளிய வரும்" என்று தோண்டுவது ஆபத்து. நடக்காததும் நினைவாக உருவாகலாம். அப்படிச் சொல்பவரிடம் தொடர வேண்டாம்.

இன்னொன்று, தடுக்கும் நம்பிக்கை. "பயம் போயிட்டா நான் அசால்ட்டா ஓட்டுவேன், மறுபடி இடிப்பேன்." "கூட வந்தவர் செத்துட்டாரு, நான் நிம்மதியா இருந்தா அவருக்குச் செய்யற துரோகம்." எஸ்யூடி 0 ஆகவிடாமல் எது தடுக்கிறது என்று நேரடியாகக் கேட்டாலே பாதிப் பேர் இதைச் சொல்லிவிடுவார்கள். அந்த இடத்தில் தெரபிஸ்ட் தன் மௌனத்தை விட்டு ஒரே ஒரு கேள்வி போடுவார். இதற்கு இன்டர்வீவ் என்று பெயர். பொறுப்பு, பாதுகாப்பு, தேர்வு என மூன்று பக்கமிருந்து அது வரும்: "ராங் சைடில் வந்தது யார்?" "இப்போது அந்த லாரி எங்கே?" "இன்று அதே நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?" பதில் வந்ததும் விவாதம் கூடாது, "அதை நினைச்சுக்கோங்க" என்று உடனே அடுத்த செட். இங்கே உபதேசம் செய்ய ஆரம்பித்தால் செஷன் பேச்சுக் கவுன்சலிங்காக மாறிவிடும், நகர்வு நின்றுவிடும். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது.

எஸ்யூடி சரசரவென்று 0-க்கு வருவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. கண் விரலைத் தொடராமல் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கிறது, குரல் தட்டையாகிறது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி நீள்கிறது, "ஒண்ணுமே இல்ல, மரத்துப்போச்சு" என்கிறார். இது ஆறுதல் இல்லை, டிஸோசியேஷன். உடனே செட்டை நிறுத்த வேண்டும். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயர் சொல்லச் சொல்லி, இன்றைய தேதியைக் கேட்டு, முழுசாக இங்கே திரும்பிய பிறகுதான் மேற்கொண்டு. ஒரு கால் பழைய நினைவில், ஒரு கால் இந்த அறையில் இருந்தால்தான் சிகிச்சை நடக்கும். இரண்டு காலும் அங்கே போய்விட்டால் அது மறுபடி அதே விபத்து.

விபத்து நினைவு 0 ஆன பிறகும் வேலை மிச்சமிருக்கும். ஹாரன் சத்தம், ஈரச்சாலை, இரவுப் பயணம் போன்ற இன்றைய தூண்டுதல்களைத் தனித்தனி இலக்காக எடுக்க வேண்டும். அப்புறம் வண்டியை வெளியே எடுத்து, சாவி போட்டு, அதே சாலையில் ஓட்டிப் போவதை மனசுக்குள் முழுப் படமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டு "முடிஞ்சது" என்று அனுப்பியவர்கள்தான் சில மாதத்தில் "பலனில்லை" என்று திரும்பி வருகிறார்கள்.

தும்பி:
புரிந்தது. கடைசியாக ஒன்று. யூடியூபில் பந்து இடம் வலமாக ஓடும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தெரபிஸ்ட் கிடைக்கும்வரை அவற்றை வைத்துத் தானாகச் செய்யலாமா? ஆன்லைன் செஷன் சரிப்படுமா?

ஆழி:
வீடியோவை வைத்து அதிர்ச்சி நினைவை எடுக்காதீர்கள். காரணம், வெள்ளெருக்கு மேலே சொன்ன குத்திட்ட பார்வையை அந்தப் பந்து கவனிக்காது. நீங்கள் உறைந்துபோனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நினைவைத் திறந்தால் அதோடு கோத்திருக்கும் மற்றவையும் வரும். தனியாக இருக்கும்போது அவற்றை மூடி வைக்க ஆளில்லை.

தானாகச் செய்யக்கூடியது பட்டாம்பூச்சி அணைப்பு. 1997-ல் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய பாலின் புயலில் தப்பியவர்களோடு வேலை செய்தபோது லூசினா ஆர்ட்டிகாஸ், இக்னாசியோ ஹாரேரோ ஆகியோர் உருவாக்கியது. கைகளைக் குறுக்காக மார்பில் வைத்து, விரல் நுனி காறையெலும்புக்குக் கீழே படும்படி, மாறி மாறி மெதுவாகத் தட்ட வேண்டும். ஆறேழு தட்டு, நிறுத்தி ஒரு மூச்சு. அமைதி தரும் இடத்தை மட்டும் நினைத்துக்கொண்டு செய்யுங்கள், சம்பவத்தை நினைத்துக்கொண்டு வேண்டாம். வேகமாகவும் நெடுநேரமும் தட்டினால் அமைதிக்குப் பதில் பழைய நினைவே மேலே வரலாம். அப்படி வந்தால் கையை எடுத்துவிட்டு எழுந்து நடங்கள்.

ஆன்லைன் செய்யலாம், பலரும் செய்கிறார்கள். முகமும் மார்பும் தெரியும்படி கேமரா, பெரிய திரை (போன் திரையில் கண் நகரும் தூரம் போதாது), கதவு மூடிய அறை. தூண்டலுக்குத் திரையில் ஓடும் புள்ளியோ நீங்களே தோளில் தட்டுவதோ. நீங்கள் இருக்கும் முகவரியும், அருகில் இருக்கும் ஒருவரின் எண்ணும் தெரபிஸ்டிடம் இருக்க வேண்டும். செட்டின் நடுவே இணைப்பு அறுந்தால் யார் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்பதை முதல் நாளே பேசி வையுங்கள். டிஸோசியேஷன் அதிகம் உள்ளவர்களுக்கு நேரில் போவதே மேல்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது: அடிப்படைப் பயிற்சி முழுசாக முடித்தாரா? சர்வதேச இஎம்டிஆர் சங்கமான எம்ட்ரியாவின் அளவுகோலில் 20 மணி நேரப் பாடம், 20 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, 10 மணி நேர ஆலோசனை. ஒரு வார இறுதிப் பட்டறைச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. "நான் பாதியில் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள். அருகில் இஎம்டிஆர் செய்பவரே இல்லையென்றால் காத்திருக்கவும் வேண்டாம். பிடிஎஸ்டி-க்கான வேறு பேச்சுச் சிகிச்சைகளான ப்ரோலாங்டு எக்ஸ்போஷர், காக்னிடிவ் ப்ராசசிங் தெரபி இரண்டுக்கும் ஆதாரம் வலுவாகவே இருக்கிறது.